சின்னக் காயமும் பெரிய நாளமும்

(கோப்பாயில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

கோப்பாயிலிருந்து கைதடிக்குப் போகும் வீதியை மாரியில் பார்த்தவர்களுக்கு நான் இன்று சொல்ல வந்ததில் பாதி ஏற்கெனவே தெரியும். வீதியின் இரண்டு பக்கமும் தண்ணீர். அது உப்பாற்றில் இறங்கி, அரியாலையில் உள்ள தடுப்பணையைத் தாண்டித்தான் கடலேரிக்குப் போகவேண்டும். அங்கே கதவு திறக்கப் பிந்தினால் முதலில் சத்தம் போடுகிறவர் அரியாலைக்காரர் அல்லர். இந்தப் பக்கம் வெளிக்கரையில் நெல் விதைத்தவர்தான். அவருடைய வயலில் பிழை ஒன்றுமில்லை. வரம்பை எவ்வளவு உயர்த்திக் கட்டினாலும் கதவு திறக்கும்வரைக்கும் தண்ணீர் வடியாது.

மண்ணீரல் அந்த வயல். ஈரல் அந்தக் கதவு.

"மண்ணீரல் வீங்கியிருக்குதாம், எடுத்துவிட்டால் சரியாம், இப்ப சின்ன ஓட்டையாலை எடுக்கலாமாம்." இந்த வசனத்தைப் பல வாயால் கேட்டுவிட்டேன். மூன்று துண்டு இருக்கிறது இதில். முதல் துண்டு உண்மை. மூன்றாவதும் உண்மை. நடுத்துண்டில்தான் சிக்கல். மற்ற இரண்டும் உண்மையாக இருப்பதால் நடுத்துண்டையும் சனங்கள் நம்பிவிடுகிறார்கள். சனங்கள் மட்டுமல்ல, சில நேரம் டொக்டர்மாராகிய நாங்களும்.

முன்வரிசையில் கலாசாலைப் பிள்ளைகள் இருக்கிறீர்கள். ஈரல்வாயி நாளம் என்று விஞ்ஞானப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள், பரீட்சை முடிந்ததும் மறந்திருப்பீர்கள். குடல், இரைப்பை, சதையி, மண்ணீரல் ஆகியவற்றிலிருந்து திரும்பும் குருதி நேராக இதயத்துக்குப் போவதில்லை. மண்ணீரலிலிருந்து ஒரு நாளம், குடலிலிருந்து ஒரு நாளம், இரண்டும் சதையியின் கழுத்துக்குப் பின்னால் சேர்ந்து ஒரே ஈரல்வாயி நாளமாகி ஈரலுக்குள் நுழைகின்றன. நிமிடத்துக்கு ஒன்றரை லீற்றர் அளவில் ஈரலுக்குள் குருதி போகிறது. அதில் முக்கால்வாசி இந்த ஒரு வாய்க்காலால். ஈரலுக்கு முன்னும் பின்னும் உள்ள அமுக்க வித்தியாசம் சாதாரணமாக 5 மில்லிமீற்றர் இரசத்துக்கு மேல் போகாது. அது 10ஐ எட்டினால் குருதி பக்கவழி தேடும். களத்தின் அடியிலும் இரைப்பையின் மேற்பகுதியிலும் நாளங்கள் புடைத்து, பழைய மரத்தின் வேர் மாதிரி முறுக்கிக்கொண்டு நிற்கும். 12ஐத் தாண்டினால் அவை வெடிக்கக்கூடும். வீட்டில் ஒருவர் திடீரென்று வாளி நிறைய இரத்தமாக வாந்தியெடுத்ததைப் பார்த்தவர்கள் அதை மறக்கமாட்டார்கள்.

கதவு ஏன் இறுகுகிறது? முதல் பதிலை நீங்களே சொல்வீர்கள்: சாராயம். ஆனால் வாழ்நாளில் போத்தலைத் தொடாத அம்மாமாரும் அதே வாட்டில் படுத்திருக்கிறார்கள். றாகமைப் பகுதியில் 35 தொடக்கம் 64 வயதுவரை உள்ளவர்களிடம் செய்த ஆய்வொன்று 2009இல் வெளிவந்தது. ஏறத்தாழ மூன்றிலொருவருக்கு ஈரலில் கொழுப்பு இருந்தது. சீனி வருத்தத்தோடும் தொப்பையோடும் சேர்ந்து, பத்து இருபது வருடம் சத்தமில்லாமல் இருந்து, அதில் ஒரு பகுதியினருக்கு ஈரல் சுருங்கி இறுகும். "அவர் குடிக்கவேயில்லையே, பிறகேன் ஈரல் கெட்டது?" என்று செத்தவீட்டில் கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கத்தில் வேறு இரண்டு வகை உண்டு. ஈரல் பெரிதாகக் கெடாமலே அதற்குள் இருக்கும் சின்ன நாளங்கள் அடைபட்டு அமுக்கம் ஏறுவது ஒன்று. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இதில் நிறைய வேலை செய்திருக்கிறது. மற்றது பிள்ளைகளுக்கு வருவது: ஈரலுக்குள் நுழையமுன்பே நாளம் அடைபட்டுவிடும். பிறந்த வீட்டில் தொப்புள்கொடியில் பிடித்த கிருமி அதற்கு ஒரு காரணம் என்று நீண்டகாலமாகச் சொல்லப்பட்டு வந்தது. இந்த இரண்டிலும் ஈரல் நல்லது, மண்ணீரல் மட்டும் தொப்புள்வரை இறங்கியிருக்கும். இவர்களுக்கு மண்ணீரலை எடுத்து, அதன் நாளத்தைச் சிறுநீரக நாளத்தில் பொருத்திவிடுகிற சத்திரசிகிச்சை சென்னை ஸ்ரான்லி, டெல்லி எய்ம்ஸ் போன்ற இடங்களில் பல காலமாக நடந்து நல்ல பலனும் தந்திருக்கிறது. வயலில் தேங்கியதை வேறு வாய்க்கால் வெட்டி இறக்கிவிடுவது அது. வயலை மூடிவிடுவதற்கும் வாய்க்கால் வெட்டுவதற்கும் உள்ள வித்தியாசத்தை உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை.

மண்ணீரலை எடுத்தவுடனே நோயே போய்விடுகிற ஒரு நிலைமையும் இருக்கிறது. சதையி அழன்று, அதன் பின்னால் ஓடும் மண்ணீரல் நாளம் மட்டும் அடைபட்டால், அமுக்கம் இடப்பக்கத்தில் மட்டும் ஏறும். ஈரலுக்கு ஒன்றுமில்லை. அந்த ஆளுக்கு மண்ணீரலை எடுப்பது முழு வைத்தியம். இது அபூர்வம். ஆனால் "இன்னாருக்கு எடுத்தது, அவர் இப்ப நல்லாத் திரியிறார்" என்று ஊரில் உலவும் கதைகளில் சில இந்த வகையாக இருக்கலாம். அடுத்தவர் வயிற்றை வைத்து எங்கள் வயிற்றுக்கு முடிவெடுக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

மண்ணீரல் இந்த நாட்டுக்குப் புதிய உறுப்பு அல்ல. என் தகப்பனார் வன்னியில் வாத்தியாராக இருந்தவர். மலேரியா இலாகாக்காரர் பள்ளிக்கூடத்துக்கு வந்து, பிள்ளைகளை வாங்கில் படுக்கவைத்து, இடப்பக்க விலாவுக்குக் கீழே விரலை விட்டு அமத்திப் பார்ப்பார்களாம். இத்தனை பேரில் இத்தனை பேருக்கு மண்ணீரல் கைக்குத் தட்டுப்படுகிறது என்று கணக்கெடுத்தால் அந்த ஊரில் மலேரியா எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஊசியுமில்லை, கண்ணாடியுமில்லை, விரல்தான். 1963இல் நாடு முழுவதற்கும் 17 மலேரியா நோயாளர் என்ற அளவுக்கு இறங்கி, கவனம் தளர்ந்ததும் 1969 அளவில் ஐந்து இலட்சத்துக்கு ஏறி, பிறகு மெல்ல மெல்ல அடங்கியது. 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. அதனால் இன்றைய இளம் டொக்டர்களின் விரலுக்கு மண்ணீரல் பழக்கமில்லை. ஸ்கான் அறிக்கையில்தான் அவர்கள் அதைச் சந்திக்கிறார்கள். நல்ல காலம்தான், குறை சொல்லவில்லை.

நலமான மண்ணீரல் 150, 200 கிராம். விலாவுக்குள்ளே ஒளிந்திருக்கும், நிறம் பழுத்த கத்தரிக்காய். பழைய செங்குழியங்களை அரித்தெடுப்பது, கிருமியைப் பிடிப்பது, குருதிச் சிறுதட்டுகளில் மூன்றிலொன்றைக் கையிருப்பாக வைத்திருப்பது அதன் வேலைகள். தண்ணீர் முட்டி வீங்கினால் இந்தக் கையிருப்பு அளவு கடந்துவிடும். உடம்பில் உள்ள சிறுதட்டுகளில் பத்தில் ஒன்பது பங்கைக்கூட உள்ளே வைத்துக்கொள்ளும். வெளியே குருதியில் எண்ணிப் பார்த்தால் ஒன்றரை இலட்சத்துக்கு மேல் இருக்கவேண்டியது நாற்பதாயிரம், முப்பதாயிரம் என்று வரும்.

டெங்கு வந்த பிறகு யாழ்ப்பாணத்தில் பிளேற்லெற் என்ற சொல் தெரியாத வீடு இல்லை. காலையும் மாலையும் எண்ணிக்கை கேட்டு ரெலிபோன் வரும். அந்தப் பயத்தோடே ஈரல் நோயாளியின் அறிக்கையையும் வாசிக்கிறார்கள். முப்பதாயிரம் என்றதும் வீடு அல்லோலகல்லோலப்படுகிறது. டெங்குவில் ஒரே கிழமைக்குள் விழுகிற எண்ணிக்கையும், ஈரல் நோயில் வருடக்கணக்காக அங்கேயே நிற்கிற எண்ணிக்கையும் ஒன்றல்ல. பின்னதில் சிறுதட்டுகள் தொலைந்து போகவில்லை, களஞ்சியத்தில் கிடக்கின்றன. எண்ணிக்கையை உயர்த்துவதற்காக மட்டும் ஒருவருடைய மண்ணீரலை எடுப்பது என் கணக்கில் அநேகமாகப் பிழை. ஒரு காலத்தில் ஜப்பானில் அதற்கு நியாயம் இருந்தது: ஈரல் அழற்சி சி வகைக்கு இன்ரபெரோன் ஊசி போட வேண்டும், சிறுதட்டுக் குறைந்தால் ஊசி போட முடியாது, ஆகவே மண்ணீரலை எடுத்துவிட்டுப் போட்டார்கள். 2013, 14க்குப் பிறகு அந்த நோய்க்கு வாயால் விழுங்கும் மாத்திரை வந்துவிட்டது. நியாயம் போய்விட்டது.

இரத்தவாந்தி எடுப்பவர்களுக்கு மண்ணீரலை எடுப்பது வேறு கதை. எகிப்தில், நைல் ஆற்று வாய்க்கால்களில் பிடிக்கிற ஒரு புழு நோயால் ஆயிரக்கணக்கானோருக்கு இந்த அமுக்கம் ஏறியது. அலெக்சாந்திரியாவில் ஹசாப் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் மண்ணீரலை எடுத்து, இரைப்பையின் மேற்பகுதிக்கும் களத்தின் அடிக்கும் போகும் புடைத்த நாளங்களை ஒவ்வொன்றாகக் கட்டிவிடும் முறையை 1967இல் எழுதினார். சீனாவில் இன்றும் அதே வழியைக் கமரா வைத்துச் செய்கிறார்கள். எங்கள் பக்கத்தில் இப்போது அமுக்கத்தைக் குறைக்கும் புரொப்பிரனலோல் மாத்திரையும், களத்துக்குள் கமரா விட்டு நாளத்துக்கு ரப்பர் வளையம் போடுவதும் பெரும்பாலானவர்களுக்குப் போதும். மாத்திரை மிக மலிவு. மலிவானபடியால்தானோ தெரியாது, அதைத்தான் சனங்கள் முதலில் நிறுத்துகிறார்கள்.

சத்திரசிகிச்சைக்கு வருவோம். மானிப்பாயில் இருந்து கொண்டு எங்கள் தாத்தாமாருக்குத் தமிழில் வைத்தியம் படிப்பித்த டொக்டர் சாமுவேல் கிறீன் 'இரணவைத்தியம்' என்ற சத்திரசிகிச்சை நூலைத் தமிழில் வெளியிட்டது 1867இல். அதே வருடம் பரிஸில் பெயான் என்பவர், சூல்பையில் கட்டி என்று நினைத்து ஒரு இளம் பெண்ணின் வயிற்றைத் திறந்தார். கட்டி இருந்தது மண்ணீரலில். எடுத்தார், அவள் பிழைத்தாள். இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனாலும் உலகத்தில் மண்ணீரலைத் துணிந்து எடுக்கத் தொடங்கிய காலத்திலேயே இங்கே சத்திரவித்தையைத் தமிழில் படிக்கலாம் என்று இருந்திருக்கிறதே என்று நினைக்கும்போது எனக்கு ஒரு பெருமை. இன்று இந்த விஷயத்தைத் தமிழில் சொல்லக் கஷ்டப்படுகிறேன் என்பதில் ஒரு வெட்கமும் உண்டு.

கமரா வைத்து மண்ணீரலை எடுத்ததாக முதலில் எழுதியவரும் பரிஸ்காரர்தான், டெலேத்ர், 1991. 'சாவித்துவாரச் சத்திரசிகிச்சை' என்ற பெயர் எனக்கு அவ்வளவு பிடிப்பதில்லை. சாவித்துவாரத்தால் எட்டிப் பார்க்கலாம். அதற்குள்ளால் ஒரு பூசணிக்காயை வெளியே எடுக்கலாம் என்று யாரும் நினைப்பதில்லை. ஆனால் அதைத்தான் செய்கிறோம். நோயாளியை வலப்பக்கம் சரித்துப் படுக்கவைத்து, 5 தொடக்கம் 12 மில்லிமீற்றர் அகலத்தில் நான்கு துளை போட்டு, காபனீரொட்சைட்டு வாயுவை ஏற்றி வயிற்றைக் கூடாரம் போல் உயர்த்துகிறோம். மண்ணீரலைச் சுற்றியுள்ள பிடிப்புகளை வெப்பத்தால் மூடி மூடி அறுக்கிறோம். மண்ணீரலின் வாசலில் நாடியையும் நாளத்தையும் ஸ்ரேப்ளரால் தைத்து வெட்டுகிறோம். பிறகு ஒரு பையை உள்ளே விட்டு, அதற்குள் மண்ணீரலைத் தள்ளி, பையின் வாயை ஒரு துளையால் வெளியே இழுத்து, பைக்குள்ளேயே விரலாலும் கவ்வியாலும் பிய்த்துப் பிய்த்து எடுக்கிறோம். ஒரு மணித்தியாலம்கூட ஆகும் அதற்கு. பை கிழியக்கூடாது, கிழிந்தால் சிதறிய துண்டுகள் வயிற்றுக்குள்ளே ஒட்டி முளைக்கும்.

இவ்வளவும் அமுக்கம் இல்லாத வயிற்றில். அமுக்கம் உள்ள வயிற்றில் இதே வேலை வேறு வேலை. மற்றவர்களில் நூல் மாதிரி இருக்கும் நாளம் இவர்களில் பென்சில் மாதிரி. வழமையில் இரத்தமே இல்லாத முதுகுப்பக்கப் பிடிப்பில்கூட நாளங்கள் பின்னிக் கிடக்கும். சுவர் கடதாசி போல மெல்லிசு. ஒன்று பிய்ந்தால் திரை முழுக்கச் சிவப்பு. கமராவின் கண்ணாடியைத் துடைத்துத் திரும்ப விடுவதற்குள் குளம் கட்டிவிடும். கையை வைத்து அமத்த முடியாது, கை வெளியே இருக்கிறது. கமரா வழிச் சத்திரசிகிச்சைக்கான ஐரோப்பியச் சங்கம் 2008இல் வெளியிட்ட வழிகாட்டலில், ஈரல்வாயி அமுக்கம் உள்ளவர்களுக்குக் கமரா முறை வேண்டாம் என்ற பக்கமே நின்றது. ஜப்பானியரும் சீனரும் இந்தியரும் கேட்டுக்கொண்டு இருக்கவில்லை. கோயம்புத்தூரில் டொக்டர் பழனிவேலுவும் அவருடைய குழுவினரும் மண்ணீரலைச் சாய்ந்த நிலையில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் முதலில் மண்ணீரல் நாடியைக் கட்டிவிடுகிற முறையை அதற்கு முன்பே, 2006இல், எழுதியிருந்தார்கள். வரத்துத் தண்ணீரை முதலில் மறித்தால் வயலில் நிற்பது கொஞ்சம் கொஞ்சமாக வடியும். மண்ணீரல் கண்முன்னே சுருங்கும். அதிலுள்ள குருதியும் நோயாளிக்கே திரும்பிப் போய்ச்சேரும். கமக்காரன் மூளை அது. இப்போது இதைக் கமராவால் செய்யலாமா என்ற கேள்வி முடிந்துவிட்டது. யார் கையில், எந்த ஈரலில் என்பதுதான் மிச்சம்.

நடுவில் நிறுத்தி வயிற்றைத் திறக்க நேர்ந்தால் உறவினர்கள் அதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்கிறார்கள். "கமராவாலை எண்டு சொல்லிப்போட்டு வெட்டிப்போட்டாங்கள்." நான் சொல்கிறேன்: திறக்கத் தெரிந்த நேரத்தில் திறக்கிறவரிடம்தான் என் தம்பியைப் படுக்கவைப்பேன்.

மேசையில் நடக்கிற இரத்தப்போக்கு எல்லோருக்கும் தெரிகிற ஆபத்து. தெரியாமல் வருகிறவை பிறகு. சதையியின் வால் பலருக்கு மண்ணீரலின் வாசலிலிருந்து ஒரு சென்ரிமீற்றருக்குள். சிலருக்கு ஒட்டியே இருக்கும். ஸ்ரேப்ளர் அதன் நுனியைக் கடித்துவிட்டால் சமிபாட்டு நீர் கசிந்து உள்ளுக்குள் இழையங்களைத் தின்னத் தொடங்கும். இடப்பக்கச் சுவாசப்பையின் அடி சுருங்கிச் சளி கட்டும், விலாப்பக்கத்தில் நீர் சேரும். எடுத்த இடத்தில் சீழ் கட்டலாம். ஈரல் ஏற்கெனவே அரைவாசி என்றால் மயக்க மருந்தும் இரத்த இழப்பும் சேர்ந்து அதைக் கவிழ்த்துவிடும்: வயிற்றில் தண்ணீர், துளைகளால் அந்தத் தண்ணீர் கசிவது, கண் மஞ்சள், பிதற்றல். இவற்றை வேகமாகச் சொல்லிக்கொண்டு போகிறேன், ஏனென்றால் இவை வாட்டில் இருக்கும்போதே வருகிறவை. பார்க்க ஆட்கள் இருக்கிறார்கள். எனக்குச் சொல்ல வேண்டியது வீட்டுக்குப் போன பிறகு வருவதைப் பற்றி.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஊரையும் ஆஸ்பத்திரியையும் சொல்லமாட்டேன். ஐம்பத்திரண்டு வயது, லொறி ஓட்டியவர். மூன்று தரம் இரத்தவாந்தி. வளையம் போட்டும் அடங்கவில்லை. ஈரல் இன்னும் தாக்குப்பிடிக்கும் நிலையில் இருந்தது. மண்ணீரல் 22 சென்ரிமீற்றர், சிறுதட்டு 28,000. கூடிக் கதைத்து முடிவெடுத்தோம். நான்கு துளை, நான்கு மணித்தியாலம், ஒரு பைந்து இரத்தம். மூன்றாம் நாள் வாட்டுக்குள் நடந்து திரிந்தார். ஐந்தாம் நாள் வீடு. பக்கத்துக் கட்டிலில் வயிறு வெட்டிய ஒருவர் இருமப் பயந்துகொண்டு தலையணையைக் கட்டிப்பிடித்திருந்தார். இவர் அவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

ஏழாம் நாள் எண்ணிக்கை மூன்று இலட்சம். மனைவி ரெலிபோனில் அழுதுவிட்டார். "டொக்டர், கடவுள் மாதிரி வந்தனீங்கள்." எனக்கும் சந்தோசம்தான், ஏன் மறைப்பான். பதினோராம் நாள் திரும்ப ரெலிபோன் எடுத்தார். "இரவிலை லேசாக் காயுது. சாப்பாடு மனமில்லை எண்டுறார். வயிறு ஒரு மந்தமாம்." நான் என்ன சொன்னேன் தெரியுமா? வாய்வாக இருக்கும், பனடோல் குடுங்கோ, கிளினிக்குக்குத்தானே வருகிறீர்கள் என்றேன். துளைகள் நான்கும் ஆறிவிட்டன என்பதை மனதில் வைத்துக்கொண்டு சொன்ன பதில் அது. பதினான்காம் நாள் வந்தார். சிறுதட்டு ஆறரை இலட்சம். குருதி ஓட்டத்தைக் காட்டுகிற டொப்ளர் ஸ்கானில் மண்ணீரல் நாளத்தின் வெட்டிய முனையிலிருந்து ஈரல்வாயி நாளத்தின் நடுவரை குருதிக் கட்டி.

மூன்று நாள் பிந்தியது என்னால். ஏழாம் நாள் டொப்ளர் எழுதியிருக்கவேண்டும், எழுதவில்லை.

ஏன் உறைகிறது? மண்ணீரல் இருந்தபோது அந்த நாளத்தால் ஆறாக ஓடிய குருதி நின்றுவிட்டது. இப்போது அது வாய் மூடிய குட்டை. நாளம் எவ்வளவு அகலமோ, மண்ணீரல் எவ்வளவு பெரியதோ, குட்டையும் அவ்வளவு பெரிது. பக்கத்தில் ஈரல்வாயி நாளத்திலும் ஓட்டம் மந்தம், ஏனென்றால் கதவு இன்னும் மூடியபடியே. அதே நேரம் களஞ்சியம் இல்லாததால் சிறுதட்டுகள் எல்லாம் தெருவில். இரண்டாம் கிழமையில் உச்சம். ஈரல் நோயாளிக்கு இரத்தம் உறையாது, அதனால் கட்டிக்கு வாய்ப்பில்லை என்று நாங்கள் மாணவராக இருந்தபோது நம்பினோம். அது பிழை. உறையவைக்கும் புரதங்களை ஈரல் குறைவாகச் செய்வது உண்மை. உறைவதைத் தடுக்கும் புரதங்களையும் அதே ஈரல்தான் குறைவாகச் செய்கிறது. தராசின் இரண்டு தட்டும் இறங்கி நிற்கின்றன. சின்ன ஒரு பாரம் எந்தப் பக்கமும் சாய்த்துவிடும்.

ஜப்பானில் 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மண்ணீரல் எடுத்த எல்லோரையும் நிறமூட்டி சி.ரி. ஸ்கானில் தேடிப் பார்த்தார்கள். வயிறு திறந்து எடுத்தவர்களில் ஏறத்தாழ ஐந்திலொருவருக்குக் கட்டி. கமராவால் எடுத்தவர்களில் அரைவாசிக்கு மேல். சின்னத் துளை போட்டவர்களுக்குத்தான் கூட. சிறிய ஆய்வுதான், இரண்டு பக்கமும் இருபது பேர் அளவு. வாயுவின் அமுக்கம் நாள ஓட்டத்தைக் குறைக்கிறது என்றும் ஸ்ரேப்ளர் விட்டுவைக்கும் முனை நீளம் என்றும் பல வாதம் உண்டு. எனக்கு முக்கியமாகப் பட்டது, தேடியபடியால்தான் கண்டார்கள் என்பது. பலருக்கு ஓர் அறிகுறியும் இல்லை. மற்றவர்களுக்கு லேசான காய்ச்சல், மந்தம், சாப்பாட்டில் வெறுப்பு, கொஞ்சம் வயிற்றோட்டம். எல்லாம் நாங்கள் வாய்வு என்று சொல்லிவிடுகிற விஷயங்கள்.

விட்டால் என்ன ஆகும்? சிலருக்குத் தானே கரையும். சிலருக்கு அமுக்கம் இன்னும் ஏறி, எதற்காக வெட்டினோமோ அந்த இரத்தவாந்தியே திரும்ப வரும். கட்டி குடல் நாளத்துக்குள் இறங்கினால் குடல் அழுகும், அது உயிர்ப்பிரச்சினை. பின்னொரு காலத்தில் ஈரல் மாற்ற வேண்டி வந்தால், பொருத்துவதற்கு நாளமே இல்லாமல் போகலாம்.

லொறிக்காரருக்கு ஹெப்பாரின் ஊசி தொடங்கினோம். களத்தில் வெடிக்கக்கூடிய நாளங்கள் உள்ள ஒருவருக்கு இரத்தத்தை இளக்குகிற மருந்து! எழுதும்போது கை நடுங்கும். முதலில் கமரா விட்டு மிச்சமிருந்த புடைப்புகளுக்கு வளையம் போட்டு, பிறகு ஊசி, பிறகு ஆறு மாதம் வார்ஃபரின் மாத்திரை. மகள் ஒரு கலண்டரில் மாத்திரையின் நிறத்துக்கு நிறம் புள்ளி வைத்துக்கொண்டு வந்தாள். கிளினிக்குக்கு வரும்போது கலண்டரையே சுருட்டிக்கொண்டு வருவாள். ஆறாம் மாதம் நாளம் முக்கால்வாசி திறந்திருந்தது. முழுக்கத் திறக்கவேயில்லை.

இப்போது என் நோயாளிகளுக்கு ஏழாம் நாளும், பிறகு கிழமைக்கொரு தரம் ஒரு மாதம்வரையும் டொப்ளர் எழுதுகிறேன். நோயாளி முறையிடுகிறாரா இல்லையா என்று பார்ப்பதில்லை. இரத்தம் போகிற ஆபத்து அடங்கியதும் தடுப்பாக ஹெப்பாரினும் தொடங்குகிறேன். வீட்டுக்காரருக்கு நான் சொல்வது: துளை ஆறுகிறதா என்று பார்க்காதேயுங்கோ, சோறு இறங்குகிறதா என்று பாருங்கோ.

இனிக் கிருமி. மண்ணீரல் இல்லாத உடம்புக்குச் சில கிருமிகளைப் பிடிக்கத் தெரியாது. சுற்றிவர உறை போர்த்திய நியூமோகொக்கஸ் அவற்றில் முதலாவது. 1952இல் அமெரிக்காவில் கிங், ஷுமாக்கர் என்ற இருவர் மண்ணீரல் எடுத்த 5 குழந்தைகளைப் பற்றி எழுதும்வரை இதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. அடிக்கடி வராது, வந்தால் காலையில் தடிமன் காய்ச்சல் மாதிரித் தொடங்கி, அடுத்த நாள் காலையைப் பார்க்காமலும் போகலாம். பாதிப்பேர் தப்புவதில்லை. முதல் இரண்டு மூன்று வருடத்தில் ஆபத்துக் கூட, ஆனால் இருபது வருடம் கழித்தும் வந்திருக்கிறது. அதனால்தான் திட்டமிட்ட ஒப்பிரேஷன் என்றால் இரண்டு கிழமைக்கு முன்பே தடுப்பூசிகள். நியூமோகொக்கஸ் ஊசி ஐந்து வருடத்துக்கொரு தரம், சளிக்காய்ச்சலுக்கு வருடத்துக்கொரு தரம். நாய் கடித்தால் எங்கள் ஊரில் எல்லோரும் விசர்நாய் ஊசிக்கு ஓடுவார்கள். மண்ணீரல் இல்லாதவர் அதோடு அன்ரிபயோட்டிக்கும் கேட்டு வாங்கவேண்டும், நாயின் வாயில் உள்ள ஒரு கிருமி இவர்களைத்தான் குறிவைக்கும். இந்தியாவுக்கோ ஆபிரிக்காவுக்கோ போனால் மலேரியா மாத்திரை. இங்கே இல்லை என்பதற்காக அங்கேயும் இல்லை என்று ஆகாது.

நான் ஒவ்வொருவருக்கும் ஒரு மட்டை எழுதிக் கொடுக்கிறேன். "எனக்கு மண்ணீரல் இல்லை. காய்ச்சலென்றால் இரத்த அறிக்கைக்குக் காத்திராமல் அன்ரிபயோட்டிக் ஊசி போடவும்." சேட்டுப் பையில் எந்நேரமும் இருக்கவேண்டும். படிக்காதவர் என்றால் பிள்ளையின் பையில்.

லொறிக்காரர் நான்காம் வருடம் ஒரு மழை இரவில் காய்ச்சலும் நடுக்கமுமாக வந்தார். மகள் மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தாள். வாசலில் நின்ற இளம் டொக்டருக்கு மண்ணீரலைப் பற்றி நான் பாடம் எடுத்ததில்லை. அந்தப் பெண்பிள்ளை நீட்டிய மட்டையைத்தான் வாசித்தார். பத்து நிமிடத்தில் ஊசி ஏறியது. இரத்த அமுக்கம் விழுந்து, இரண்டு நாள் அதிதீவிரப் பிரிவில் கிடந்து, எழும்பினார். மூன்றாம் நாள் வந்த அறிக்கையில் நியூமோகொக்கஸ். தடுப்பூசி போட்டவர்தான், அந்த ஊசி மூடுவது 23 வகையை, உலகத்தில் இருப்பது 90க்கு மேல்.

வீட்டுக்குப் போகிற அன்று மட்டையைத் திரும்பக் கேட்டார். வாட்டில் எங்கேயோ தொலைந்துவிட்டது. கிளினிக் கொப்பியின் பின்னட்டையைக் கிழித்துப் புதிதாக எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "எழுத்து விளங்கேல்லை டொக்டர்" என்று மகளிடம் நீட்டினார். அவள் அந்த இடத்திலேயே பெரிய எழுத்தில் திருப்பி எழுதினாள்.